கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றினால் கார் வேகமெடுக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் கார்ப் பட்டறைகளில் வேலை செய்கிறேன். காரின் அடியில், புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்ற அந்த எவர்சில்வர் குடுவையைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்டால் வண்டி பறக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் வந்து நிற்கிறார். பெரும்பாலும் இருபத்தைந்து வயதை ஒட்டிய தம்பிகள். கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழுக்கே ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு போய்விடும் ஊர் இது. அப்படி வாங்கிய காரை ஒருவர் நேசிப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. எனக்கும் நன்றாக இழுக்கும் இயந்திரம் பிடிக்கும். அதனால்தான் இந்தக் கேள்விகளை ஒதுக்கித் தள்ளாமல், தெரிந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

அண்ணே, இந்தக் கன்வர்ட்டர் என்னதான் செய்கிறது?

இயந்திரத்துக்குள் பெட்ரோல் எரியும்போது எல்லாம் சுத்தமாக எரிந்து முடிவதில்லை. பாதி எரிந்த கார்பன் மோனாக்சைடு, எரியாமல் தப்பித்த ஹைட்ரோகார்பன்கள், கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள் என மூன்று நஞ்சுகள் வெளியேறுகின்றன. கன்வர்ட்டருக்குள் பீங்கானால் ஆன தேன்கூடு ஒன்று இருக்கிறது. சாதாரணக் கார்களில் ஒரு சதுர அங்குலத்துக்கு 400 முதல் 600 துளைகள். அந்தத் துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். புகை அவற்றைத் தொட்டுக்கொண்டு போகும்போதே முதல் இரண்டும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. மூன்றாவது மீண்டும் வெறும் நைட்ரஜனாகப் பிரிகிறது.

இது எதையும் பிடித்துவைக்கும் வடிகட்டி அல்ல. "அடைத்துக்கொண்டு நிற்கிறது" என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான் பிழையாகிறது. நல்ல நிலையில் இருக்கும் கன்வர்ட்டர் புகையை நிறுத்தாமலே மாற்றுகிறது. சூடேறிய பிறகு அந்த மூன்று நஞ்சுகளிலும் 90 விழுக்காட்டுக்கு மேல் அழித்துவிடும். அதற்குச் சுமார் 250 முதல் 300 டிகிரி வெப்பம் வேண்டும். வண்டியைக் கிளப்பிய முதல் சில நொடிகளில் அது இன்னும் விழித்துக்கொள்ளாத நிலையில் இருக்கும்.

இந்த யோசனைக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் பிரான்சில் பிறந்து அமெரிக்காவுக்குச் சென்ற பொறியாளர் யூஜின் ஹூட்ரி. 1950களிலேயே காப்புரிமை பெற்றார். ஆனால் அன்றைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அந்த உலோகப் பூச்சைக் கெடுத்துவிடும் என்பதால், 1975ஆம் ஆண்டு மாடல் அமெரிக்கக் கார்களில்தான் இது பரவலாக இடம்பெற்றது. சிங்கப்பூரில் ஈயம் கலந்த பெட்ரோல் 1998இல் முற்றிலும் நிறுத்தப்பட்டது.

கழற்றினால் எத்தனை குதிரைத்திறன் கூடும்? நேராகச் சொல்லுங்கள்.

டர்போ (இயந்திரத்துக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத, 1.5 அல்லது 1.6 லிட்டர் குடும்பக் காரா? இரண்டு, மூன்று. அதிர்ஷ்டம் இருந்தால் நான்கு. அதுவும் இயந்திரத்தின் சுழற்சி நிமிடத்துக்கு 5,000ஐத் தாண்டி, மிதியைத் தரையோடு தரையாக அழுத்தியிருக்கும்போது மட்டும். தோ பாயோவிலிருந்து ஜூரோங்குக்கு வேலைக்குப் போகும் வழியில் அந்த நிலையில் எத்தனை நொடி ஓட்டுகிறீர்கள்? போக்குவரத்து விளக்குக்கு விளக்கு நகரும்போது புகையின் ஓட்டம் மிகக் குறைவு. கன்வர்ட்டர் தரும் தடையும் அப்போது இல்லை என்றே சொல்லிவிடலாம்.

இந்த எண்ணிக்கையை வேறு சில விஷயங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 120 குதிரைத்திறன் கொண்ட, 1,300 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று குதிரைத்திறன் என்பது இரண்டரை விழுக்காடு. காரின் எடையில் இரண்டரை விழுக்காடு 32 கிலோ சொச்சம். தேக்காவில் வாங்கிய இரண்டு பத்துக் கிலோ அரிசி மூட்டையையும், மாதக்கணக்கில் பின்பெட்டியில் கிடக்கும் குழந்தைத் தள்ளுவண்டியையும், பழைய கருவிப் பெட்டியையும் இறக்கி வைத்தால் வேகமெடுப்பதில் கிட்டத்தட்ட அதே பலன் கிடைத்துவிடும்.

அதேபோல், விடியற்காலையில் 26 டிகிரியாக இருக்கும் காற்று பிற்பகலில் 33 டிகிரி ஆகும்போது அதன் அடர்த்தி இரண்டு விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிடுகிறது. இயந்திரம் இழுக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. குளிர்சாதனத்தின் கம்ப்ரஸர் ஓடும்போது அது தனியாகச் சில குதிரைத்திறனைத் தின்றுகொண்டிருக்கும். கன்வர்ட்டரைக் கழற்றிப் பெறும் ஆதாயம் இந்த அன்றாட ஏற்ற இறக்கங்களுக்குள்ளேயே கரைந்துபோகும் அளவுதான்.

"ஆனால் கழற்றிய பிறகு வண்டி மாறிவிட்டதே, நானே உணர்ந்தேன்" என்று சொல்பவர்களை நான் பொய்யர்கள் என்று நினைப்பதில்லை. சத்தம் மாறுகிறது. கரகரப்பான, உரத்த ஒலி காதில் விழும்போது உடம்பு வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. நிறுத்தக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், தெரிந்துவிடும்.

என்னுடையது டர்போ கார். அதற்கும் இதே பதில்தானா?

இல்லை. டர்போவின் சுழலியை வெளியேறும் புகைதான் சுற்றுகிறது. அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு பெரிதாக இருந்தால் அது விரைவாகச் சுழல ஆரம்பிக்கும். சுழலிக்கு அடுத்தபடியாகவே கன்வர்ட்டர் இருப்பதால், அதை எடுத்துவிட்டால் உண்மையான மாற்றம் தெரியும். இயந்திரக் கணினியின் நிரலையும் மாற்றி எழுதினால் கூடுதல் சக்தி இருபது, முப்பது குதிரைத்திறனாகக்கூட ஏறலாம். இதை மறைத்துவிட்டு அறிவுரை சொன்னால் நான் நேர்மையற்றவன் ஆவேன்.

ஆனால் அந்தக் கூடுதலில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நிரல் மாற்றம் டர்போவின் அழுத்தத்தையும் தீப்பொறி நேரத்தையும் மாற்றுகிறதே, அங்கிருந்துதான். அதே நிரலோடு, அகலமான துளைகள் கொண்ட, சதுர அங்குலத்துக்கு 200 துளைக் கன்வர்ட்டரைப் பொருத்தினால், வெறும் குழாய்க்கும் அதற்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. நஞ்சைச் சுத்திகரிக்கும் ஒன்றை வைத்துக்கொண்டே கிடைக்கக்கூடிய சக்திக்காக அதை முழுவதும் தூக்கி எறிய என்ன காரணம் இருக்கிறது?

புகைக்குழாயில் பின்னழுத்தம் இருந்தால்தான் இழுவிசை இருக்கும் என்கிறார்களே?

தவறான நம்பிக்கை. பின்னழுத்தம், அதாவது வெளியேறும் புகையை எதிர்த்துத் தள்ளும் அழுத்தம், எந்த இயந்திரத்துக்கும் தேவையில்லை. தேவைப்படுவது புகையின் வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து பாய்ந்து வெளியேறும் புகை அடுத்த சிலிண்டரின் புகையைத் தனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டும். குழாய் தேவைக்கு மேல் அகலமாகிவிட்டால் அந்த ஓட்டம் சோர்ந்துவிடும். குறைந்த சுழற்சியில் வண்டி மந்தமாகும். நேர்க்குழாய் போட்டவர்கள் பலர், "மேலே நன்றாகப் போகிறது, ஆனால் சிக்னலில் இருந்து கிளம்பும்போது செத்ததுபோல் இருக்கிறது" என்று திரும்பி வருவதற்குக் காரணம் இதுதான்.

என் கார் உண்மையிலேயே மந்தமாகிவிட்டது. கன்வர்ட்டர் அடைத்துவிட்டது, கழற்றிவிடு என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள்.

இது வேறு கதை. அடைத்துப்போன கன்வர்ட்டர் இயந்திரத்தின் குரல்வளையை நெரிக்கும். அதைக் கழற்றினால் வண்டிக்கு உயிர் திரும்பியதுபோலவும் இருக்கும். "கழற்றினேன், பறக்கிறது" என்ற கதைகளில் பெரும்பாலானவை இங்கிருந்து பிறந்தவைதான். ஆனால் நல்ல கன்வர்ட்டர் தானாக அடைத்துக்கொள்ளாது. அதைக் கெடுத்தது எது என்று தேடாமல் கழற்றுவது, காய்ச்சல் பார்க்கும் கருவியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்று சொல்வதைப் போன்றது.

சில ஆண்டுகளுக்கு முன் யீஷூனிலிருந்து ஒரு தம்பி வந்தார். ஒன்பது வயதான 1.6 லிட்டர் கார். தீபாவளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலேசியா போனபோது கெந்திங் மலை ஏற்றத்தில் வண்டி திணறி நின்றிருக்கிறது. திரும்பி வந்ததும் வேறொரு பட்டறையில் கன்வர்ட்டரை எடுத்துவிட்டார்கள். சக்தி திரும்பியது, அவருக்கு மகிழ்ச்சி. நான்கு மாதம் கழித்து பெட்ரோல் நாற்றமும் நடுக்கமுமாக என்னிடம் வந்தார். மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயில் பல மாதங்களாகச் சரியாகத் தீப்பொறி தராமல் இருந்திருக்கிறது. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, பீங்கான் தேன்கூட்டை உருக்கிக் கட்டியாக்கியிருக்கிறது. அன்றே அந்தக் காயிலை மாற்றியிருந்தால் கன்வர்ட்டர் பிழைத்திருக்கும்.

எண்ணெய் குடிக்கும் இயந்திரமும் இதைக் கெடுக்கும். எண்ணெயில் உள்ள பாஸ்பரஸும் துத்தநாகமும் உலோகப் பூச்சின்மேல் படிந்து அதை மூடிவிடும். இயந்திரத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிந்து சிலிண்டருக்குள் போனாலும் அப்படித்தான்.

அடைப்பு உண்டா என்று ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்துங்கள். வண்டி நின்றபடி இயந்திரம் மட்டும் ஓடும்போது அழுத்தம் ஒன்றரை பிஎஸ்ஐக்குக் (சதுர அங்குலத்துக்கு ஒன்றரை பவுண்டு) கீழும், 2,500 சுழற்சியில் 3 பிஎஸ்ஐக்குக் கீழும் இருந்தால் கன்வர்ட்டர்மேல் பழி போட முடியாது. கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமலே "கழற்றிவிடு" என்று சொல்லும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

பெட்ரோல் மிச்சமாகுமா?

ஆகாது. சென்சார்கள் குழம்பினால் கூடுதலாகக் குடிக்கவும் செய்யும்.

சிங்கப்பூரில் இது சட்டப்படி சரியா?

சாலையில் ஓடும் காரில் கன்வர்ட்டரை அகற்றுவது சட்டவிரோதம். புகைக்குழாய் அமைப்பில் மாற்றம் செய்ய நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் தேவை. கன்வர்ட்டரே இல்லாத அமைப்புக்கு அந்த ஒப்புதல் கிடைக்காது, ஏனென்றால் கார் எந்தப் புகைத் தரத்தின்படி இங்கே பதிவு செய்யப்பட்டதோ அந்தத் தரத்தை அதனால் எட்டவே முடியாது. 2017 செப்டம்பர் முதல் இங்கே பதிவாகும் புதிய பெட்ரோல் கார்கள் யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகைத் தரத்தில் இருக்க வேண்டும். அந்தத் தரத்தின்படி ஒரு கிலோமீட்டருக்கு வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடு 0.06 கிராமைத் தாண்டக் கூடாது. கன்வர்ட்டர் இல்லாமல் அதை எட்டும் பெட்ரோல் கார் எதுவும் இல்லை.

வாகனப் புகைக்கான விதிமுறைகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் வகுத்திருக்கிறது. சாலையோரச் சோதனையில் பிடிபட்டால் அபராதம் உண்டு. சட்டவிரோத மாற்றத்துக்குச் சிறைத்தண்டனைக்கும் இடமிருக்கிறது. காப்பீட்டையும் மறந்துவிடாதீர்கள். அறிவிக்காமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி, விபத்துக்குப் பிறகு இழப்பீட்டுக் கோரிக்கையை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு வழி இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 2018 முதல் இங்கே நடப்பில் உள்ள வாகனப் புகைத் திட்டம் கரியமில வாயு, ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, நுண்துகள் என ஐந்தையும் பார்த்துத்தான் காருக்குத் தள்ளுபடியோ கூடுதல் கட்டணமோ விதிக்கிறது. சுத்தமான கார் என்று தள்ளுபடி வாங்கிக்கொண்டு அந்தச் சுத்தத்தைக் கழற்றி எறிவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

பரிசோதனைக்கு முன் பழையதைத் திரும்பப் பொருத்திவிட்டால் போதாதா?

பலர் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். மூன்று ஆண்டு முடிந்த கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து ஆண்டைத் தாண்டிய கார் ஆண்டுக்கு ஒருமுறையும் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டக் கூலி, இணைப்பில் கசிவைத் தடுக்கும் புதிய கேஸ்கெட். வெப்பத்தில் வெந்து துருவேறிய போல்ட் தலை முறிந்தால் சிலிண்டர்களின் புகையைத் திரட்டும் மேனிஃபோல்டையே இறக்கித் துளையிட வேண்டியிருக்கும். நான் அதற்காக ஒரு முழு நாளைச் செலவிட்டிருக்கிறேன். பல புதிய கார்களில் கன்வர்ட்டர் இயந்திரத்தோடு ஒட்டியே இருக்கிறது, எளிதாகக் கை வைக்க முடியாது. இரண்டு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட நாள்களிலும் சாலையோரச் சோதனை உண்டு.

மலேசியாவின் ஜோகூரில் போய்ச் செய்துகொண்டால்?

எங்கே கழற்றினாலும் கடற்பாலத்தைத் தாண்டித் திரும்பி வருவது சிங்கப்பூர் எண் பலகை உள்ள கார்தான். விதி காரைத் தொடர்கிறது. அங்கே கூலி குறைவு என்பது உண்மை, அதற்கு மேல் எதுவும் மாறாது.

வெளிக்கூட்டை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் உடைத்து எடுத்தால் பார்வைக்குத் தெரியாதே?

பார்வைக்குத் தெரியாது, புகை அளவிடும் குழாயைச் செருகினால் தெரிந்துவிடும். சக்திக்கும் இது உதவாது: குறுகிய குழாயிலிருந்து திடீரென்று வெற்றுக் குடுவைக்குள் நுழையும் புகை சுழன்று தடுமாறுகிறது. அதைவிட முக்கியம், உடைப்பவரின் நுரையீரல். பீங்கானைச் சுற்றியிருக்கும் மெத்தை வெப்பம் தாங்கும் இழைகளால் ஆனது. அந்தத் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. முகக்கவசம்கூட இல்லாமல், நீண்ட கம்பியும் சுத்தியலுமாகக் குனிந்து உட்கார்ந்து இதைச் செய்யும் வேலையாள்களைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிட வேலைக்காக அவர்களை அந்த நிலையில் உட்கார வைக்காதீர்கள்.

இயந்திர எச்சரிக்கை விளக்கு எரியுமாமே, அதை அணைக்க வழி உண்டா?

எரியும். கன்வர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள் இருக்கின்றன. முன்னதன் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வர்ட்டர் நன்றாக வேலை செய்தால் பின்னது அசையாமல் நிற்கும். கன்வர்ட்டர் இல்லாவிட்டால் பின்னதும் முன்னதைப் போலவே ஆடும். உடனே கணினி பி 0420 என்ற பிழையைப் பதிந்து விளக்கை ஏற்றும். சென்சாரைக் குழாயிலிருந்து தள்ளி வைக்கும் இடைத்துண்டு, நிரலிலேயே அந்தப் பிழையை அழித்துவிடுவது என்று ஏமாற்றும் வழிகள் இருக்கின்றன. அவற்றை இங்கே விளக்க மாட்டேன். விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருப்பதால் புதிதாக வந்த கோளாறைக் கவனிக்காமல் இயந்திரத்தையே பாழாக்கிய இருவரை எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு கார்தானே அண்ணே, அதனால் ஊருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

நல்ல கன்வர்ட்டர் 90 விழுக்காட்டுக்கு மேல் அழிக்கிறது என்றேன். அப்படியென்றால் கன்வர்ட்டரைக் கழற்றிய ஒரு கார் கக்கும் நஞ்சு, ஒழுங்காக ஓடும் பத்துக் கார்கள் சேர்ந்து கக்குவதற்குச் சமம் அல்லது அதற்கும் மேல். உங்கள் ஒரு கார், உங்கள் புளோக்கின் நிறுத்துமிடத்தில் ஒரு வரிசை முழுவதற்கும் சமமாகிறது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். எரியாத பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். நைட்ரஜன் ஆக்சைடும் ஹைட்ரோகார்பனும் வெயிலில் சேர்ந்து ஓசோனை உண்டாக்கும். நம் ஊரில் வெயிலுக்குக் குறைவே இல்லை. தரைமட்டத்து ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும்; ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை அது முதலில் தாக்கும்.

இவையெல்லாம் எங்கே போய்ச் சேருகின்றன? வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பலமாடி நிறுத்துமிடத்தில் காலை ஆறரை மணிக்கு வண்டியைக் கிளப்புகிறீர்கள். பக்கத்து வண்டியில் ஒரு தாய் பிள்ளையை இருக்கையில் உட்கார வைத்து வார்ப்பட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் புகைக்குழாயின் வாய்க்கும் அந்தப் பிள்ளையின் மூக்குக்கும் உயரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. காலாங்–பாய லேபார் விரைவுச்சாலையின் நீண்ட சுரங்கத்தில் போக்குவரத்து நின்றுவிட்டால் முன்னால் நிற்பவரின் புகைதான் பின்னால் நிற்பவரின் காற்று.

மாலை ஏழு மணிக்குத் தீவு விரைவுச்சாலையில் உங்களுக்கு முன்னால் போகும் லாரியையும் பாருங்கள். அதன் பின்தளத்தில் கட்டுமானத் தளத்திலிருந்து திரும்பும் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பலர் புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்தவர்கள். நம் மொழியில்தான் பேசிக்கொண்டு போகிறார்கள். நமக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறது, காற்று வடிகட்டி இருக்கிறது. அவர்களுக்கு எதுவும் இல்லை. லாரி நெரிசலில் நின்றால், சுற்றி நிற்கும் எல்லா வண்டிகளின் புகையும் அவர்கள் முகத்துக்கு நேராகப் போகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக இரண்டு கார்களில் நானே கன்வர்ட்டரைக் கழற்றியிருக்கிறேன். பிறகு ஒருநாள் மாலை, நெரிசலில், ஒரு லாரியின் பின்தளத்தில் ஒருவர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு என் காரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அந்த வேலையை நான் தொட்டதில்லை.

ஒரு பட்டறையில் இலவசமாகவே கழற்றித் தருகிறேன் என்கிறார்கள்.

பழையதை நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், இலவசம் போய்விடும். அதற்குள் இருக்கும் விலையுயர்ந்த உலோகம் சில கிராம்தான், ஆனால் 2021இல் ரோடியத்தின் விலை தங்கத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. பின்னர் இறங்கினாலும் அது மலிவான பொருள் அல்ல. வண்டியின் பதிவை நீக்கிக் கொடுக்கும் நாளில் பாடிக்கு விலை பேசுபவரும் முதலில் குனிந்து பார்ப்பது அசல் கன்வர்ட்டர் இருக்கிறதா என்றுதான். இல்லையென்றால் விலையைக் குறைப்பார். இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு நீங்கள் இரண்டாவது முறை விலை கொடுக்கிறீர்கள்.

ஸ்போர்ட்ஸ் கன்வர்ட்டர் போடலாமா?

மேலே சொன்ன அகலத் துளைக் கன்வர்ட்டர்தான் அது. டர்போ கார் வைத்திருப்பவருக்கு நான் சொல்லக்கூடிய நியாயமான வழி இது ஒன்றுதான். ஆனால் முதலில் ஒப்புதல், பிறகு பொருத்துதல். உங்கள் மாடலுக்கென்று சோதனைச் சான்றிதழோடு வரும் தயாரிப்பை மட்டும் பாருங்கள். இணையத்தில் மிக மலிவாகக் கிடைப்பவற்றில் உலோகப் பூச்சு பெயரளவுக்கே இருக்கும். ஓர் ஆண்டில் அது வெறும் அலங்காரக் குழாய் ஆகிவிடும். டர்போ இல்லாத காருக்கு இந்தச் செலவு வீண்.

சரி, வேறு எப்படித்தான் சக்தியைக் கூட்டுவது?

இருக்கும் சக்தியை முதலில் மீட்டெடுங்கள். எட்டு வயதான கார் புதிதாக இருந்தபோது கொடுத்ததைக் கொடுப்பதில்லை. தீப்பொறிச் செருகிகள், காற்று வடிகட்டி, கரி படிந்த த்ராட்டில் வாய், இறுகிப்போய்ச் சக்கரத்தை உரசிக்கொண்டே இருக்கும் பிரேக் காலிப்பர், குறைந்த டயர் காற்று, பல ஆண்டுகளாக மாற்றாத கியர் எண்ணெய். இவற்றைச் சரிசெய்து ஓட்டிக் காட்டியபோது, "என்னண்ணே போட்டீர்கள்?" என்று கேட்டவர்கள் பலர். புதிதாக எதையும் போடவில்லை.

நல்ல டயர் வாங்குங்கள். நம் விரைவுச்சாலைகளில் உச்ச வேகமே 90 கிலோமீட்டர். இந்த ஊரில் ஒரு காரின் இன்பம் வளைவிலும் பிரேக்கிலும்தான் இருக்கிறது, அதைத் தருவது டயர்.

உண்மையான வேகம் வேண்டும் என்றால் மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போங்கள். ஐந்தரை கிலோமீட்டர் நீளம், 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 ஓடிய தடம். பொதுமக்கள் ஓட்டும் நாள்களில் கட்டணம் கட்டி, தலைக்கவசம் போட்டு, பயிற்றுநரோடு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். நான் முதல்முறை போனபோது என்னைவிடக் குறைந்த சக்தியுள்ள கார் ஒன்று என்னை மூன்று முறை முந்திச் சென்றது. ஓட்டியவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா. அவர் காரில் கன்வர்ட்டர் அப்படியே இருந்தது.

டீசல் வேன் வைத்திருக்கிறேன். கரித்துகள் வடிகட்டியை எடுத்துவிடலாமா?

கூடாது. அது எடுக்கப்பட்ட வண்டியின் கரும்புகை கண்ணுக்கே தெரியும், பிடிபடுவதும் விரைவு. அடிக்கடி அடைத்துக்கொள்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் குறுந்தூர ஓட்டம். வாரம் ஒருமுறை விரைவுச்சாலையில் அரைமணி நேரம் சீராக ஓட்டினால் அது தானாகவே கரியை எரித்துத் துப்புரவாக்கிக்கொள்ளும்.

நான் ஏற்கெனவே கழற்றிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

திட்டுவேன் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடாதீர்கள், தம்பி. சரிசெய்யக்கூடிய விஷயம்தான்.

பழையது கையில் இருந்தால் அதைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் தேன்கூடு உடைந்திருக்கிறது, பயன்படாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளைகள் வழியே ஒளி சீராகத் தெரிய வேண்டும். பழையது இல்லையென்றால், பதிவு நீக்கப்பட்ட அதே மாடல் காரிலிருந்து எடுத்த அசல் கன்வர்ட்டரைப் பழைய உதிரிபாகக் கடைகளில் விசாரியுங்கள். இயந்திரக் குறியீட்டு எண் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பொருத்துவதற்கு முன் இயந்திரத்தைச் சரிபார்க்க வேண்டும். தீப்பொறி தவறுகிறதா, எண்ணெய் குறைகிறதா என்று பார்க்காமல் மாட்டினால் புதியதும் சில மாதங்களில் போய்விடும். கேஸ்கெட்டுகளையும் போல்ட்டுகளையும் புதிதாகவே போடுங்கள். கணினி நிரலை மாற்றியிருந்தால் அசல் நிரலைத் திரும்ப ஏற்றச் சொல்லுங்கள். பின் சென்சாரில் இடைத்துண்டு வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பிழைக் குறியீட்டை அழித்த பிறகு நகரச் சாலையிலும் விரைவுச்சாலையிலும் கலந்து இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். கணினி தன் சோதனையை முடித்துக்கொள்ள அந்த அவகாசம் வேண்டும். விளக்கு மறுபடி எரியாவிட்டால் புகையை ஒருமுறை அளந்து பார்த்துவிடலாம்.

புத்தம்புதிய கன்வர்ட்டராக இருந்தால், முதல் ஓட்டத்தில் காரின் அடியிலிருந்து லேசான புகையும் எரிந்த பசை நாற்றமும் வரும். பீங்கானைச் சுற்றிய மெத்தையிலுள்ள பசை எரிவதால் வருவது அது. பயப்பட வேண்டாம். அந்த முதல் அரைமணி நேரத்தை நிறுத்துமிடத்துக்குள் நின்றபடி கழிக்காமல், திறந்த சாலையில், ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் ஓட்டி முடித்துவிடுங்கள்.